மிஸ்டு காலை எடுத்தது யார்?

துப்பறியும் நிலையம் என்று வாசல் போர்டு சொல்லும். மாடிப்படி ஏறி உள்ளே வந்தால் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, மூலையில் ஒரு உடற்பயிற்சி சைக்கிள். அந்த சைக்கிளில் அண்ணன் ஒரே ஒரு நாள் ஏறி மிதித்தார். மறுநாளிலிருந்து அது துணி காயப்போடும் இடமாகிவிட்டது. கஷ்டத்தைச் சொல்ல வருகிறவர்கள் ஈரத் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் சொல்லியாக வேண்டும். அழுகை வந்தால் கண் துடைக்கத் துணி தேட வேண்டாம், அதுதான் இந்த நிலையத்தில் இருக்கிற ஒரே வசதி.

முதலாளி, துப்பறிவாளர், கணக்குப்பிள்ளை எல்லாமே அண்ணிதான். உதவியாளன் சின்னவன். அண்ணியின் கணவருக்கு, அதாவது அந்த சைக்கிள் அண்ணனுக்கு, தம்பி என்பதால் சின்னவன். மற்றபடி அவன் முன்தலையிலிருந்து முடி விடைபெற்றுப் பல வருஷம் ஆகிறது. ஸ்கூட்டர் ஓட்டுவது, டீ வாங்கி வருவது, அண்ணி கேள்வி கேட்கும்போது குறுக்கே பேசுவது ஆகியவை அவன் பொறுப்புகள். கடைசிப் பொறுப்பை யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான்.

அன்று காலை வந்து உட்கார்ந்த அம்மாளின் கொண்டையில் வைக்கோல் செருகியிருந்தது.

"மாடு வெச்சிருக்கீங்களா?" என்று சின்னவன் கேட்டான்.

"கழுதை."

சின்னவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அறிமுகமாகி அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள்ளாகவா?

"கழுதைங்க வெச்சிருக்கேன் தம்பி. வயசான கழுதைங்களுக்குக் காப்பகம் நடத்தறேன். செங்கல் சூளையில சுமை தூக்கி, முதுகெல்லாம் புண்ணாகி, இனிமே உதவாதுன்னு துரத்திவிட்டதுங்க. என்கிட்ட வந்து நிம்மதியா இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "இருந்துச்சு," என்றார்.

அண்ணி சைக்கிளிலிருந்து ஒரு துண்டை உருவி நீட்டினார். "முதல்லேர்ந்து சொல்லுங்க."

விஷயம் இதுதான். காப்பகத்துக்கு உதவ ஒரு தீவன கம்பெனி முன்வந்திருந்தது. அவர்கள் மேனேஜர் ஒரு திட்டம் போட்டார். காப்பகத்தின் நம்பருக்கு யார் வேண்டுமானாலும் ஒரு மிஸ்டு கால் கொடுக்கலாம். ரிங் போனதும் வைத்துவிட்டால் போதும், காசு செலவு கிடையாது. ஒவ்வொரு மிஸ்டு காலுக்கும் ஒரு கழுதையின் ஒரு வேளைத் தீனியைக் கம்பெனி அனுப்பிவிடும். போனில் இருக்கிற ஆப் மிஸ்டு கால்களை எண்ணி நேராக மேனேஜருக்குச் சொல்லிவிடும். ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜனங்களும் கொடுத்தார்கள். பிறருக்கு உதவ வேண்டும், காசுக்காகப் பையில் கை விடக் கூடாது, பேசவும் கூடாது என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

"நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு," என்றார் அந்த அம்மாள். "இப்ப கொஞ்ச நாளா ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. ஜனங்களுக்கு ஆர்வம் போயிடுச்சு, திட்டத்தை மூடறோம்னு மேனேஜர் சொல்லிட்டார். இன்னைக்கு சாயங்காலம் கடிதத்தோட வரார். எப்பப் பார்த்தாலும் சூயிங்கம் மென்னுக்கிட்டே பேசற மனுஷன், அன்னைக்கு மெல்லாம சொன்னார், அதான் எனக்கு பயமாயிடுச்சு. தீனி நின்னா நான் என்ன பண்ணுவேன்? சூளைக்காரர் அதுக்குள்ள மோப்பம் பிடிச்சுட்டார். லேசான வேலைதான், திரும்பக் கொடுத்துடுங்கன்னு நாளைக்குக் காலையில லாரியோட வர்றாராம்."

கொண்டையிலிருந்து ஒரு வைக்கோல் நழுவி மேஜையில் விழுந்தது. அந்த அம்மாள் அதை எடுத்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். சின்னவனின் நாக்கு நுனி வரை வந்திருந்த ஒரு ஜோக் அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"சின்னவரே, அந்த நம்பரைப் போடுங்க," என்றார் அண்ணி.

போட்டான். எதிர்முனையில் பதிவு செய்த குரல் ஒன்று, நீங்கள் அழைத்தவர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று தேன் ஒழுகச் சொன்னது. மறுபடி போட்டான். மறுபடியும் அதே தேன்.

"யாருமே கூப்பிடலைன்னு சொல்றாங்க," என்றார் அண்ணி மெதுவாக. "யாருமே கூப்பிடாத போன் எப்படி பிஸியா இருக்கும்?"

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஈரத் துண்டில் துடைத்தார். துப்பு ஒன்று கையில் சிக்கிவிட்டால் அண்ணி செய்கிற காரியம் அது. துடைத்தபிறகு கண்ணாடியில் எதுவும் தெரியாது என்பது வேறு விஷயம்.

"போன் எங்க இருக்கு?"

"ஜட்ஜய்யா ரூம்ல."

"கோர்ட்டுலயா?" என்றான் சின்னவன்.

"கழுதை தம்பி. எல்லாத்துக்கும் மூத்தவர். எது சொன்னாலும் நிதானமா கேட்டுட்டு கடைசியில தலையை ஆட்டுவார், அதான் அந்தப் பேர். கம்பெனியில புதுசா டச் போன் கொடுத்தாங்க. அதுக்கு எங்க ஆபீஸ்ல சிக்னல் எடுக்கலை, அங்க லேண்ட்லைன் மட்டும்தான் உயிரோட இருக்கு. ஜட்ஜய்யா கொட்டகையில ஜன்னலோரம் சிக்னல் முழுசா வந்துச்சு. சுவத்துல ஒரு இரும்புத் தாங்கி சும்மா இருந்தது, அதுல மாட்டிட்டேன்."

"எதுக்கு வெச்ச தாங்கி அது?"

அந்த அம்மாள் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் புகுந்தான். "இதை விடுங்க அண்ணி, ஆள் யாருன்னு கேப்போம். பகல்ல அந்த ரூமுக்கு யார் யார் போவாங்க?"

அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் டீ ஆறிவிடும்.

"யாருமே போக முடியாது," என்றார் அந்த அம்மாள். "யாராவது கை தவறி போனை எடுத்துட்டா அது மிஸ்டு கால் கணக்குல வராதே! அதனால பகல்ல மனுஷங்க அந்தப் பக்கமே போகக்கூடாதுன்னு குறுக்க கயிறு கட்டி வெச்சிருக்கேன். காலையில தீனி போட்டுட்டு வந்தா, சாயங்காலம்தான் உள்ள போவேன். போனைத் துடைக்கக்கூட போனதில்லை. துடைக்கவும் வேண்டாம், எப்பவும் பளபளன்னு இருக்கும். நல்ல கம்பெனி போன்."

அண்ணி மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

*

அந்த அம்மாளை பஸ் ஏற்றிவிட்டு அண்ணி நேராக எதிர்த் தெரு சலூனுக்குள் நுழைந்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் காப்பகத்து நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒரு மிஸ்டு கால், ஒரு வயிறு நிறையும் என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு கழுதை சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இவருக்கு முடி வெட்டணும்," என்று அண்ணி சின்னவனை நாற்காலியில் உட்கார வைத்தார்.

சலூன்காரர் முன்னால் வந்து பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். "எங்கேங்க?"

"தேடிப் பாருங்க. நாங்க அவசரப்படலை. அதுவரைக்கும் பேசிட்டிருக்கலாம். இந்த நம்பருக்கு நீங்க கூப்பிட்டதுண்டா?"

சலூன்காரரின் கத்திரி நின்றது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் எடுத்தாரா?"

"யாரு?"

"அவர்தான். தினமும் கடை திறந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுத்துட்டுத்தான் நான் கத்திரியே எடுப்பேன். ஒரு நாள் திடீர்னு அந்தப் பக்கம் யாரோ எடுத்துட்டாங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. எடுக்க மாட்டாங்கங்கற தைரியத்துலதானங்க கூப்பிடறோம்! டக்குனு வெச்சா மரியாதையா இருக்காதேன்னு, நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன். பதில் இல்லை. ஏதோ மெல்ற சத்தம். அப்புறம் ஒரு பெருமூச்சு."

"பயந்துட்டீங்களா?" என்றான் சின்னவன்.

"பயமா? அந்தப் பெருமூச்சு என்னை என்னமோ பண்ணிடுச்சு. என் மச்சான் என்னை ஏமாத்தின கதையை ஆதியோட அந்தமா சொல்லிட்டேன். ஒரு வார்த்தை குறுக்க பேசலை. எத்தனையோ வருஷமா இந்த நாற்காலியில உக்காந்தவங்க கதையெல்லாம் நான் கேட்டிருக்கேன். என் கதையை ஒருத்தர் உக்காந்து கேட்டது அன்னைக்குத்தான்."

சொல்லிவிட்டு அவர் சின்னவன் தோளில் இருந்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் கூப்பிடலையா?" என்று அண்ணி கேட்டார்.

"கூப்பிடாம இருப்பேனா? எப்பக் கூப்பிட்டாலும் பிஸி. காலையில பிஸி, மத்தியானம் பிஸி. எவனோ ஒருத்தன் அவரை மொத்தமா குத்தகைக்கு எடுத்துட்டான்."

வெளியே வந்ததும் சின்னவன் ஸ்கூட்டரை உதைப்பதற்கு முன்னால் கேஸையே முடித்துவிட்டான். "அண்ணி, பிடிச்சுட்டேன். மெல்ற ஆள் யாரு? மேனேஜர்! எப்பவும் சூயிங்கம்! கம்பெனிக்குத் தீனி கொடுக்க மனசில்லை. அந்த நம்பருக்கு வர்ற காலையெல்லாம் ரகசியமா தன் போனுக்குத் திருப்பிக்கிட்டார். எடுத்துட்டா அது மிஸ்டு கால் இல்லை. மிஸ்டு கால் இல்லைன்னா தீனி இல்லை. எப்படி?"

"பரவாயில்லையே. பாதி சரி."

"எந்தப் பாதி?"

"மேனேஜர்ங்கற பாதி. வண்டியை எடுங்க."

*

தீவன கம்பெனி அலுவலகத்தில் ஏசி இருந்தது, சோபா இருந்தது, சுவரில் ஒரு மாடு சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. வரவேற்பில் இருந்த பெண் தன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்," என்றாள்.

"எப்ப முடியும்?"

"தெரியாதுங்க. கொஞ்ச நாளா காலையில வந்ததும் கதவைச் சாத்திக்கறார், போன்லயே மீட்டிங். சாப்பாட்டுக்கு மட்டும் வெளிய வருவார். வரும்போது கண்ணு சிவந்திருக்கும், ஆனா மூஞ்சி தெளிவா இருக்கும். பெரிய பிசினஸ் போலிருக்கு."

அவள் மறுபடி போனுக்குள் விழுந்ததும், அண்ணி தாழ்வாரத்தில் நடந்து மேனேஜரின் கதவருகே போய், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். சின்னவனும் குனிந்தான். அவன் போட்டிருந்தது வார் இல்லாத செருப்பு.

உள்ளே ஒரு ஆண் குரல் குழைந்து குழைந்து வந்தது.

"உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்... வேற யாரு என்னைப் புரிஞ்சுக்கறாங்க? நீங்க இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ..."

சின்னவனின் கண் விரிந்தது. "அண்ணி! இது தீவன கேஸ் இல்லை, குடும்ப கேஸ்!" என்று கிசுகிசுத்தான்.

"வாயை மூடிட்டுக் காதைத் திறங்க. பேசறது அவர். அப்ப மெல்றது யாரு? ஒரே ஆள் ரெண்டு முனையிலயும் இருக்க முடியாது."

அண்ணி தன் போனை எடுத்துக் காப்பகத்து லேண்ட்லைனைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தார், மூச்சு வாங்கியது.

"அம்மா, காலையில கேட்டு பதில் வராம போன கேள்வி ஒண்ணு இருக்கு," என்று அண்ணி சின்னவனை ஒரு பார்வை பார்த்தார். "போன் மாட்டியிருக்கற தாங்கி, அதுல முன்னாடி என்ன இருந்தது?"

பதிலைக் கேட்டதும் அண்ணியின் கை துண்டைத் தேடியது. துண்டு இல்லாததால் சின்னவன் சட்டையின் ஓரத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. தீனி நேரத்துக்கு மணி அடிப்பீங்கல்ல? இப்ப போய் அடிங்க. ஜட்ஜய்யா கொட்டகைக்குப் பக்கத்துல நின்னு, பலமா. லைனை வெக்காதீங்க."

ரிசீவர் மேஜையில் வைக்கப்படும் சத்தம். காலடிகள் தேய்ந்தன. இருவரும் கதவில் காதை ஒட்ட வைத்தார்கள். உள்ளே மேனேஜர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். திடீரென்று நிறுத்தினார்.

"என்ன அங்க மணி சத்தம்?... ஓ, சாப்பாட்டு நேரமா? இன்னைக்கு சீக்கிரமா இருக்கே. பரவாயில்லை, நீங்க சாப்பிட்டுட்டு வாங்க. நான் லைன்லயே காத்திருக்கேன்."

சின்னவன் வாய் திறந்தது. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து எதுவும் வரவில்லை.

"இப்ப கொட்டகைக்குள்ள எட்டிப் பாருங்கம்மா," என்றார் அண்ணி போனில், அந்த அம்மாள் திரும்பி வந்ததும். சற்று நேரத்தில் கொட்டகையிலிருந்து அவர் போட்ட அலறல் லேண்ட்லைன் வழியாகச் சின்னவனுக்கே கேட்டது.

"ஐயையோ! போன்ல ஆள் பேசுது! ஜட்ஜய்யா காதை அது பக்கம் சாய்ச்சுக்கிட்டு நிக்கறார்! இருங்க இருங்க... அடக் கடவுளே, நக்கறார்!"

"உப்புக் கட்டி," என்றார் அண்ணி சின்னவனிடம். "அந்தத் தாங்கியில காலங்காலமா இருந்தது ஜட்ஜய்யா நக்கற உப்புக் கட்டி. தீர்ந்துபோன இடத்துல போனை மாட்டிட்டாங்க. அவர் பழக்க தோஷத்துல நக்கறார். போன் அடிச்சு வெளிச்சம் வந்தா இன்னும் ஆசையா நக்கறார். டச் போனுக்கு விரல்னு தெரியுமா, நாக்குனு தெரியுமா? எடுத்துடுது. பளபளன்னு இருந்தது வேற எதுக்கு? மனுஷங்க எடுக்கக் கூடாதுன்னு அந்த அம்மா எல்லா ஏற்பாடும் பண்ணாங்க. கழுதைக்கு ஒரு ஏற்பாடும் பண்ணலை."

"எடுத்தது சரி. வெக்க மாட்டாரா?"

"வெக்கத் தெரியாது. அதனாலதான் அவர் நல்லா கேக்கறவர்னு பேர் வாங்கிட்டார்."

சின்னவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். எடுக்கிறவர் ஜட்ஜய்யா. ஆனால் எடுத்தால் அந்த ஒரு கால்தான் போகும், அடுத்தவர் கொடுக்கலாமே? கொடுக்க முடியாது. ஏனென்றால் லைன் எப்போதும் பிஸி. பிஸியாக வைத்திருப்பவர் யார்? அவன் கதவைப் பார்த்தான். மிஸ்டு கால் ஒன்றுகூட வரவில்லை என்று திட்டத்தையே மூடப் போகிறவர், காலையிலிருந்து மாலை வரை அந்த வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறவர், இரண்டும் ஒரே ஆள்.

அண்ணி கதவைத் தட்டாமல் திறந்தார்.

*

மேனேஜர் நல்ல உயரம், நல்ல சட்டை, மேஜையில் சூயிங்கம் பாக்கெட். கண் மட்டும் சிவந்திருந்தது. அண்ணி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம்கூட சின்னவனுக்கு வரவில்லை.

"முதல்ல அவரைத் திட்டத்தாங்க செஞ்சேன்," என்றார் மேனேஜர். "புது போன் வேலை செய்யுதான்னு பார்க்க ஒரு கால் போட்டா, எடுத்துட்டாங்க. மிஸ்டு கால் நம்பரை எவன்யா எடுக்கறதுன்னு கண்டபடி திட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லலை. ஒரு பெருமூச்சு விட்டார். திட்டறவனைத் திரும்பத் திட்டாத மனுஷனை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேக்கத் திரும்பக் கூப்பிட்டேன். அப்படியே பழக்கமாயிடுச்சு."

"வீட்ல பேச ஆள் இல்லையா?" என்று அண்ணி கேட்டார். துப்புக்காகக் கேட்கவில்லை, கேட்கத் தோன்றியதால் கேட்டார்.

"இருக்காங்க. ஆளுக்கொரு போனும் இருக்கு. நான் ஏதாவது சொன்னா தலை நிமிராம 'ம்'னு ஒரு சத்தம் வரும். என் மனைவியும் நானும் பேசிக்கறதே மிஸ்டு கால்லதான். சாயங்காலம் ஒரு ரிங் வந்தா பால் வாங்கிட்டு வரணும். ரெண்டு ரிங் வந்தா பால் இருக்கு, வேண்டாம்." அவர் சிரிக்கப் பார்த்தார். "அதை வெச்சுத்தாங்க இந்தத் திட்டமே எனக்குத் தோணுச்சு. பேசாமலே காரியம் நடக்குதே, இதுல நாலு ஜீவனுக்கு உதவலாமேன்னு."

சின்னவனுக்குத் தன் அண்ணன் ஞாபகம் வந்தது, அவர் ஏன் மிதிப்பதை நிறுத்தினார் என்று யாருமே கேட்காத அந்த சைக்கிள் ஞாபகமும் வந்தது.

"நான்தான் லைனை அடைச்சிருக்கேன்னு எனக்குத் தோணவே இல்லைங்க. ஆனா கடிதம் மேலிடத்துல கையெழுத்தாகி வந்துடுச்சு. இன்னைக்குக் கொடுத்தே ஆகணும். கொடுத்துட்டா அவ்வளவுதான், என்னால திரும்ப வாங்க முடியாது." சட்டைப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த உறையை அவர் தேள் இருக்கிற இடம்போலத் தொட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்தப் பெரியவர்... அங்க வேலை செய்யறவரா? அவரை ஒரு தடவை நேர்ல பார்க்க முடியுமா?" என்றார்.

சின்னவன் வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தார்.

"தாராளமா," என்றார்.

*

மேனேஜர் தலை வாரிக்கொண்டார். முதல் தடவை பார்க்கிறோம், வெறும் கையோடு போகக்கூடாது என்று வழியில் காரை நிறுத்தி ஒரு பை ஆப்பிள் வாங்கினார். அவருக்குப் பல் இருக்குமா என்று கவலையோடு கேட்டார். "நிறைய இருக்கு சார்," என்றான் சின்னவன். அதற்குமேல் சொல்லவிடாமல் அண்ணி பின்சீட்டிலிருந்து இருமினார்.

காப்பகத்து அம்மாள் கேட்டிலேயே நின்றிருந்தார். மேனேஜரையும் அவர் சட்டைப் பையில் இருந்த உறையையும் பார்த்துவிட்டு, கொட்டகைக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வழிவிட்டார்.

கொட்டகைக்குள் மேனேஜர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நுழைந்தார். மனிதர் யாரும் இல்லை. ஜன்னலோரம் சாம்பல் நிறத்தில், முதுகில் பழைய தழும்புகளோடு ஜட்ஜய்யா நின்றிருந்தார். பக்கத்தில் தாங்கியில் போன் பளபளத்தது.

"எங்க அவர்?"

ஜட்ஜய்யா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். தலையைத் திருப்பி மேனேஜரைப் பார்த்தார். பிறகு அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

மேனேஜர் அந்த மூச்சை அடையாளம் கண்டுகொண்டார். முகம் வெளுத்து, சிவந்து, மறுபடி வெளுத்தது. அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரும் சிரிப்புக்கோ கோபத்துக்கோ காத்திருந்தார்கள். அவர் அண்ணியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் சொன்னதையெல்லாம்... வெளிய யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாரே?"

"உயிரே போனாலும் சொல்ல மாட்டார் சார்," என்றான் சின்னவன். ஜோக்காகத்தான் ஆரம்பித்தான். பாதியில் அது உண்மையாகிவிட்டது.

மேனேஜர் ஆப்பிள் பையைப் பிரித்து ஒன்றை நீட்டினார். ஜட்ஜய்யா முகர்ந்து பார்த்தார், ஆப்பிளைத் தாண்டி மூக்கை நீட்டினார், சட்டைப் பையிலிருந்து உறையை லாவகமாக உருவினார். காப்பகத்து அம்மாள் "ஐயையோ" என்று பாய்ந்தார். அதற்குள் கம்பெனியின் முத்திரை உள்ளே போயிருந்தது. மேலிடத்துக் கையெழுத்து ஒரு ஓரமாக உதட்டில் ஆடியது, பிறகு அதுவும் போய்விட்டது. நன்றாக மென்று முடித்தபின் ஜட்ஜய்யா வழக்கம்போலத் தலையை ஆட்டினார்.

"மேல்முறையீடு இருக்கா சார்?" என்று சின்னவன் கேட்டான்.

"தீர்ப்புக்கு நான் கட்டுப்படறேன்," என்றார் மேனேஜர். பல மாதங்களுக்குப் பிறகு சிரிக்கிற மனிதனுக்கு அது சரியாக வராது. அவருக்கும் தும்மல் மாதிரிதான் வந்தது. "லைன் ஏன் அடைஞ்சதுன்னு மேலிடத்துல நானே சொல்லிக்கறேன். வேலை போனாலும் போகட்டும். திட்டம் நிக்காதும்மா. சூளைக்காரர் லாரி காலியாவே திரும்பட்டும். அந்தப் போனை மட்டும் நாக்கு எட்டாத உயரத்துல மாட்டுங்க, இவருக்கு உப்புக் கட்டி நான் அனுப்பறேன்."

காப்பகத்து அம்மாள் ஜட்ஜய்யாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தமாகவே அழுதார். அண்ணி துண்டு தேடிப் பார்த்துவிட்டு, சின்னவன் சட்டையைப் பார்த்தார். சின்னவன் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

அப்போது மேனேஜர் கையில் இருந்த போன் அடித்தது.

"வீட்லேர்ந்து," என்றார் அவர், திரையைப் பார்த்து. முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிவிட்டது. "பாலுக்கு. எடுக்கக் கூடாது, எத்தனை ரிங்னு எண்ணணும்."

திரை வெளிச்சமாகி நடுங்கியது. ஜட்ஜய்யா ஆர்வத்தோடு குனிந்தார். யாரும் தடுப்பதற்குள், அகலமான நாக்கு ஒன்று மேனேஜரின் போனைக் கீழிருந்து மேலாக ஒரு தரம் தடவியது.

"ஹலோ?" என்றது ஒரு பெண் குரல், திடுக்கிட்டு. "என்னங்க, எடுத்துட்டீங்க? மிஸ்டு கால்தான கொடுத்தேன்?"

மேனேஜர் போனை வெறித்துப் பார்த்தார். வைக்கப் போகிறார் என்றுதான் சின்னவன் நினைத்தான். ஜட்ஜய்யா பெருமூச்சு விட்டார்.

"தெரியும்," என்றார் மேனேஜர், எச்சில் வழிகிற போனைக் காதில் வைத்து. "எடுத்தாச்சு. பேசு."

"என்னத்தைப் பேசறது?" என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. "எங்க இருக்கீங்க? யாரோ மெல்ற மாதிரி கேக்குது?"

"என் சிநேகிதர். ஆப்பிள் சாப்பிடறார்."

"உங்களுக்கு சிநேகிதரா! சொல்லவே இல்லை? வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன், நானும் பார்க்கறேன்."

மேனேஜர் தலை நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். அண்ணி சின்னவனைப் பார்த்தார். சின்னவன் ஜட்ஜய்யாவை மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு பார்வை அளந்துவிட்டு, வெளியே நின்ற காரின் பின்கதவைத் திறந்து பார்க்கப் போனான்.